நான்கு கதவுகளும் ஒரு கிரீன் கார்டும்

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தவமணிதேவி, கோபாலசாமியின் வீட்டு அழைப்புமணியை அழுத்தினார். ஐந்து மணிக்குத் தன் வீட்டுக்கு, மகன் கூப்பிட்டிருந்த போலீஸ்காரர் ஒருவர் வருவதாக இருந்தது. அதற்குள் தவமணிதேவியின் தொலைந்த கிரீன் கார்டு கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கார்க் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டும் கடையில் வேலை செய்யும் ஷாந்தன் மீது திருட்டுப் புகார் பதிவாகிவிடும். ஷாந்தனுக்கு வியாழக்கிழமை அகதி விண்ணப்ப நேர்காணல். புகார் ஒன்று பெயரில் விழுந்துவிட்டால் அந்த அறைக்குள் அவன் போவதில் பயனில்லை என்பது அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் இருந்த இலங்கைத் தமிழர் எல்லோருக்கும் தெரியும்.

1997 ஜூலை மாத வெயில். இரண்டு வீடு நடந்து வந்ததற்கே தவமணிதேவியின் முகம் சிவந்திருந்தது. பின்னால் மகன் கபிலாஷ், வர விருப்பமில்லாதவன் போல நின்றான்.

கதவைத் திறந்த கோபாலசாமியின் மனைவி ஜலஜா, "வாங்க அக்கா. என்ன, முகமே சரியில்ல?" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கோபாலசாமி சோபாவில் உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். இருபது வருடமாக ஹூஸ்டனில் ஒரு கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் பார்க்கிற வேலை. நசுங்கிய கதவைப் பார்த்தே ஓட்டியவர் எந்தப் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிடுவார் என அவருடைய மனைவி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"கார்டு தொலைஞ்சுதுன்னு போன்ல சொன்னீங்களே, முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் கோபாலசாமி.

"ஒரு நிமிஷம்!" ஜலஜா காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ம், இப்பச் சொல்லுங்க."

"நீ எதுக்குடி எழுதுறே?"

"நீங்க மறந்துட்டு அப்புறம் என்கிட்டத்தான கேப்பீங்க?"

தவமணிதேவி சொன்னார். "சனிக்கிழமை காலமை மீனாட்சி கோயிலுக்குப் போனனாங்கள். வாற சனி நான் இந்தியாவுக்குப் போறன், ராமேஸ்வரத்தில இவரின்ர அஸ்தி கரைக்க. பாஸ்போட், டிக்கெட், கிரீன் கார்ட் எல்லாத்தையும் ஐயர் வாங்கி அம்மன்ர காலடியில வைச்சு எடுத்துத் தந்தவர். அதுகளை டிராவல் ஏஜென்சி தந்த இந்தப் பைக்குள்ளதான் வைச்சனான். பையைக் காரின்ர முன் தட்டுக்குள்ள வைச்சிட்டன்."

"அங்கயிருந்து ஸ்ட்ரெய்ட்டா டின்ட் கடை" என்றான் கபிலாஷ். "அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, சைடு விண்டோஸுக்கு ஃபிலிம் ஒட்டச் சொல்லிக் காரை ஷாந்தனிட்ட விட்டம். பதினொரு மணி. மூணு மணிக்கு எடுத்தம். வீட்டுக்கு வந்து பாத்தா பாஸ்போர்ட் இருக்கு, டிக்கெட் இருக்கு, கார்டு இல்லை."

"வேற எங்காவது விழுந்திருக்கலாமே?"

"அங்கிள், கோயிலுக்கும் கடைக்கும் நடுவில நாங்க எங்கயும் இறங்கேல்லை. சீட்டுக்கு அடியில எல்லாம் தேடிட்டன். டோருக்குள்ள விழுந்திருந்தா அவனே பாத்திருப்பான். இதைப் பாருங்க." கடைச் சீட்டை நீட்டினான். நான்கு கதவுகளின் உள்பேனலும் கழற்றப்பட்டதாக நான்கு கட்டங்களிலும் டிக் அடித்து, கீழே ஷாந்தன் கையெழுத்துப் போட்டிருந்தான். "கேட்டதுக்கு அவனும் அதைத்தான் சொன்னான். நாலும் கழட்டினன், ஒண்டும் இல்லை எண்டு. அப்ப மிச்சம் என்ன? பேப்பர்ஸ் இல்லாத ஆள். கிரீன் கார்டு ஆருக்குத் தேவை?"

"அவன் அப்பிடிப் பிள்ளை இல்லை" என்றார் தவமணிதேவி. "அப்பாவின்ர செத்த வீட்டுக்கு மூண்டு நாளும் நிண்டு தேத்தண்ணி ஊத்தினவன்."

"அம்மா, யூ சே தட் அபௌட் எவ்ரிபடி."

அதுதான் அவரைச் சுட்டது. இரண்டு இரவாக அவரும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். தான் எல்லோரையும் நல்லவர் என்கிறவள். கணவர் செல்வராஜா போய் மூன்று மாதமாகிறது. இருந்த நாளிலும் அவர் இதைச் சொல்லித்தான் கேலி செய்வார். மகன் சொல்வதில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவனை நம்ப மனம் வரவில்லை.

கோபாலசாமி கையைத் துடைத்துக்கொண்டு பையை வாங்கினார். பாஸ்போர்ட்டை மூக்கருகே கொண்டுபோனார். அட்டையின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. டிக்கெட் உறையிலும் அதே கறை. கார்டு வைக்கிற சின்ன உள்ளறைக்குள் விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"சந்தனம் ஈரமா இருந்துச்சா?"

"ஓம், ஐயர் அள்ளித்தானே வைச்சவர்."

"கோயில்லேருந்து கிளம்பும்போது காருக்குள்ள சூடா இருந்திருக்குமே, தம்பி?"

"அடுப்பு மாதிரி" என்றான் கபிலாஷ். "ஏசியைப் போட்டு எல்லா விண்டோவையும் இறக்கிட்டன். ரெண்டு நிமிஷத்தில ஏத்தினன். எல்லாரும் செய்யிறதுதானே?"

"எல்லாரும் செய்யிறதுதான்" என்று கோபாலசாமி எழுந்தார். "காரைப் பாப்போம்."

*

கார் தவமணிதேவி வீட்டு டிரைவ்வேயில் நின்றது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொத்தான்களின் மேல் மூன்று நாளைக்கு இறக்கக்கூடாது என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. கோபாலசாமி பொத்தானைத் தொடவில்லை. ஒவ்வொரு இருக்கையாக ஏறி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கண்ணாடியின் அடி விளிம்பைப் பார்த்தார். தவமணிதேவியும் பின்னாலேயே குனிந்து பார்த்தார். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ரப்பருக்குக் கீழே இறங்கி மறைந்திருந்தது. பின்பக்கம் இரண்டிலும் அப்படியே. முன்பக்கம் வலது கதவில் மட்டும் ரப்பருக்கு மேலே நூலிழை போல ஒரு வெளிச்சக் கோடு ஓடியது.

"இது யார் உட்கார்ற இடம்?"

"நான்தான்."

அந்தக் கதவின் கைப்பிடிக் குழிக்குள் பெருவிரல் அளவில் ஒரு முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. முருகனின் முகம் தேய்ந்து போயிருந்தது. கோபாலசாமி அதன் ஓரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். ஓரம் எங்கும் தூக்கிக்கொள்ளாமல் அழுந்தப் பிடித்திருந்தது.

"இவர்தான் ஒட்டினவர்" என்றார் தவமணிதேவி. "கார் ஃப்ரீவேயில ஏறேக்கை நான் பயத்தில அதைத்தான் இறுக்கிப் பிடிக்கிறனான். 'என்னை நம்பாட்டிலும் முருகனையாவது பிடிச்சுக்கொள்ளும்' எண்டு சொல்லி ஒட்டிவிட்டவர்."

கோபாலசாமி தலையை ஆட்டினார். "ஜலஜா, அந்தத் தம்பிக்குப் போன் போட்டு வரச் சொல்லு."

ஜலஜா உள்ளே ஓடிப்போய் ஐந்து நிமிடத்தில் வெற்றியோடு திரும்பினார். "வர்றான். கண்ணாடி பூரா பபிள் பபிளா வந்திருக்கு, உடனே வான்னுட்டேன்."

"நான் பொய் சொல்லச் சொன்னேனா?"

"கூப்பிடச் சொன்னீங்க. எப்படின்னு சொல்லலையே."

நாலரை மணிக்கு ஷாந்தன் கருவிப் பையோடு வந்து இறங்கினான். கபிலாஷைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. பிறகு கண்ணாடிகளைப் பார்த்தான். "பபிள் ஒண்டும் இல்லையே, அன்ரி."

"இல்லதான் தம்பி, பயப்படாதீங்க" என்றார் கோபாலசாமி. "ஒரே கேள்வி. எத்தனை கதவுல பேனல் கழட்டினீங்க?"

"நாலும்." யோசிக்காமல் வந்தது பதில்.

"சரி. நான் பாத்ததைச் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க." கோபாலசாமி பானெட்டின் மேல் கைவைக்கப் போய், சூட்டில் எடுத்துக்கொண்டார். "பேனலை எதுக்குக் கழட்டுறாங்க? ஃபிலிம் ரப்பருக்குக் கீழ வரைக்கும் இறங்கணும். பேனலோட ஒட்டினா அடியில ஒரு கோடு வெளிச்சம் நின்னுபோகும். மூணு கண்ணாடில அந்தக் கோடு இல்ல. இதுல இருக்கு. அடுத்தது, இந்தப் பேனலைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ கைப்பிடிக் குழிக்குள்ள இருக்கு. அதுக்கு மேல முருகன் இருக்கார். அவரைக் கிழிக்காம ஸ்க்ரூவைத் தொட முடியாது. முருகன் முழுசா இருக்கார். நீங்க கழட்டினது மூணு."

கபிலாஷ் ஒரு அடி முன்னால் வந்தான். "அப்ப அவன் பொய்தான் சொல்லியிருக்கிறான்!"

"பொறு தம்பி. அவர் சொன்னது பொய்னா, உன் கணக்கும் விழுந்துபோச்சு. நாலும் திறந்து பாத்தாச்சு, ஒண்ணும் இல்லைங்கிறதை வச்சுத்தானே அவரைத் திருடன்னே? ஒரு கதவை யாருமே திறக்கல."

"கார்டு பைக்குள்ளதானே இருந்தது?"

"பைக்குள்ள போகவே இல்ல. பாஸ்போர்ட்ல சந்தனம், டிக்கெட்ல சந்தனம். கார்டுலயும் ஈரச் சந்தனம் இருந்திருக்கணும். ஆனா கார்டு வைக்கிற அறைல ஒரு பொட்டுகூட இல்ல." தவமணிதேவியின் பக்கம் திரும்பினார். "ஏங்கம்மா, பிளாஸ்டிக் கார்டு, மேல ஈரம். நீங்க அதைத் துடைச்சு, காய வைக்கணும்னு எங்க வைப்பீங்க?"

தவமணிதேவி பதில் சொல்ல வாயைத் திறந்தார். கை முந்திக்கொண்டது. தானாக எழுந்து, கண்ணாடி கதவோடு சேருகிற விளிம்பில், வெயில் விழுகிற இடத்தில் போய் நின்றது. சேலைத் தலைப்பால் துடைத்ததும், கண்ணாடியில் சாய்த்து வைத்ததும், அப்போது ஐயர் பிரசாதத்தோடு கார்வரை வந்ததும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"ஐயோ."

"அடுத்த நிமிஷம் மகன் கண்ணாடியை இறக்கியிருக்கான். கண்ணாடி கார்டையும் இழுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்றார் கோபாலசாமி.

ஜலஜா எழுதுவதை நிறுத்திவிட்டு ஷாந்தனைப் பார்த்தார். "ஏன்டா தம்பி, மூணுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே?"

ஷாந்தன் தரையைப் பார்த்தபடி பேசினான். "அது செல்வராஜா அங்கிள் தன்ர கையால ஒட்டினது. கிழிக்க எனக்குக் கை வரேல்லை. பேனலோட வைச்சே ஒட்டினன். அப்பிடிச் செய்தா கடையில கேரண்டி குடுக்க மாட்டினம், அதாலை நாலுக்கும் டிக் போட்டிட்டன்."

"கார்டு காணோம்னு கேட்டப்புறம்?"

"என்ர கேஸ் பாக்கிற லோயர் சொன்னவ, ஒருக்கா சொன்னதை மாத்திச் சொல்லாதை எண்டு. இன்டர்வியூவில ஒரு திகதி மாறினாலும் பொய்யன் எண்டு முடிச்சுப்போடுவினமாம். ஆறு மாசமா அதையேதான் சொல்லித் தாறா. கபிலாஷ் கேக்கேக்கை நாலு எண்டு வாயில வந்திட்டுது. பிறகு மாத்தப் பயமாப் போச்சு. சனி இரவு முழுக்க அந்தக் கதவைத்தான் நினைச்சனான்."

கபிலாஷ் கடைச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

தவமணிதேவி முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அது முழுசாக வரவில்லை. மயிலும் வேலும் பிளாஸ்டிக்கோடு ஒட்டி நின்றன. இன்னொரு முறை சுரண்டினார். ஸ்க்ரூ தலை தெரிந்தது.

"இந்தா. கழட்டு."

ஷாந்தன் துவாலையைப் புல்லில் விரித்தான். ஸ்க்ரூக்கள் வந்தன. பேனலின் ஓரமாக விரலை விட்டு இழுக்க, கிளிப்புகள் ஒவ்வொன்றாகச் சடக் சடக்கென்று விட்டன. உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை ஒரு மூலையில் விலக்கி, முழங்கைவரை கையை விட்டுத் துழாவினான். எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

கை வெளியே வந்தபோது அதில் கிரீன் கார்டு இருந்தது. தவமணிதேவியின் படத்தின் மேல் சந்தனம் காய்ந்திருந்தது.

"இன்னும் ஏதோ கிடக்கு, அன்ரி." மறுபடி கையை விட்டான். மடங்கிய சின்னத் துண்டுகள் வந்தன. மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்துச் சீட்டுகள். ஒன்று, இரண்டு, ஐந்து.

தவமணிதேவி அவற்றை மடியில் பரப்பினார். பிப்ரவரி, மார்ச். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் சீட்டைக் காணாமல் செல்வராஜா நோயோடு நோயாகக் காவலாளியிடம் வாதாடி, முழு நாள் கட்டணமும் கட்டிவிட்டு, "உம்மிட்டத்தானே தந்தனான்" என்பார். "என்னட்டத் தரவே இல்லை" என்று தவமணிதேவியும் விடமாட்டார். வீடு வந்து சேரும்வரை சண்டை.

"அஞ்சும் என்னட்டத்தான் தந்திருக்கிறார்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சத்தமாக, மூச்சு வாங்கச் சிரித்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அம்மா சிரிப்பதைக் கபிலாஷ் வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் ஷாந்தனும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் போலீஸ் கார் தெருமுனையில் திரும்பியது. ஷாந்தனின் சிரிப்பு அப்படியே நின்றது. கையில் இருந்த கிளிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

உயரமான அதிகாரி ஒருவர் இறங்கி வந்தார். புல்லில் கிடந்த பேனலையும், கதவின் எலும்புக்கூட்டையும், காலண்டர் தாளோடு நின்ற ஜலஜாவையும் பார்த்தார். திருட்டுப்போன கார்டு பற்றி அழைத்தது இந்த வீடுதானா என்று கேட்டார்.

கபிலாஷ் முன்னால் போனான். "ஆமாம், சார். ஆனால் திருட்டு எதுவும் நடக்கவில்லை. அம்மா கதவுக்குள் போட்டுவிட்டார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கார்டைக் காட்டினான். "உங்களை வீணாக அலைய வைத்துவிட்டேன். என் தப்பு."

அதிகாரி கார்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கதவருகே மண்டியிட்டிருந்தவனைப் பார்த்தார். "இவர் யார்?"

ஷாந்தன் எழுந்து நிற்க முயன்றான். கபிலாஷ் அவன் தோளில் கையை வைத்தான்.

"ஷாந்தன். எங்கள் அப்பாவின் நண்பர். கார்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இவர்தான்."