நைனா என்று கூப்பிட்டது

"இன்னாம்மா, இன்னிக்கு மத்தியானம் புதுசா அப்பான்னு கூப்ட்டுகினு இருந்தியே?" என்று வேடியப்பன் கேட்டபோது, அனுசுயா வக்கீல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். திருத்தணி கோர்ட்டிலிருந்து அப்போதுதான் வீடு வந்திருந்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவருக்கு அவள் வைத்த பேர் நைனாதான். அப்பா என்ற சொல் அந்த வீட்டில் புழங்கியதே இல்லை.

"நான் எப்போ நைனா கூப்ட்டேன்?"

"மாத்திரை சாப்பிட்டீங்களா அப்பான்னு கேட்டியே. மரியாதை வேற! கோர்ட்ல ஜட்ஜ் உன்ன திட்டிட்டாரோன்னு நெனச்சேன்."

மத்தியானம் அவள் ஒரு வரப்புத் தகராறு வழக்கில் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போன்கூடச் செய்யவில்லை. மெல்லத் திரும்பி அலமாரியைப் பார்த்தாள். முருகன் படத்துக்குக் கீழே, சொம்பளவு கறுப்புப் பெட்டி ஒன்று நீல விளக்கோடு உட்கார்ந்திருந்தது.

அதன் பேர் 'துணை'. பெங்களூரில் வேலை செய்யும் தம்பி கந்தன் வாங்கி மாட்டிவிட்டுப் போனது. வேடியப்பன் அரக்கோணம் ஜங்ஷனில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ரயில் தண்டவாளம் மாற்றிவிட்டு ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. பகலில் தனியாக இருப்பவருக்குப் பேச்சுத் துணை வேண்டுமே என்று செயற்கை நுண்ணறிவை வரவழைத்தான் பிள்ளை. தூங்காது, சலிக்காது, தப்பே செய்யாது, வீட்டு மனிதர் போலவே பேசும் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. கல்யாணத் தரகர்கூட அத்தனை துணிச்சலாகப் புளுகமாட்டார். அதில் கடைசி ஒன்று மட்டும் புளுகில்லை என்று அனுசுயாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கந்தனைப் போனில் பிடித்தாள்.

"உன் வாய்ஸ் மெசேஜ் கொஞ்சம் அனுப்பிவெச்சேன்க்கா. உன் குரல்ல பேசினா நைனாவுக்கு ஆறுதலா இருக்கும்னு சொன்னாங்க."

"என் தொண்டைய என்ன கேக்காம தூக்கிக் குடுத்தியா? அறிவில்ல?"

போனை வைத்த கையோடு பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். நீல விளக்கு அணையவில்லை. உள்ளே பேட்டரி இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதைப் பாதிதான் நம்பினாள்.

மறுநாள் சைபர் பிரிவுக்குப் போனாள். எஸ்.ஐ. நல்ல மனிதர், நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, முழுக்கக் கேட்டார்.

"குரல யாரும் திருடல மேடம், உங்க தம்பியே குடுத்திருக்காரு. பேசினது யாருன்னு பாத்தா ஆளே இல்ல. மிஷின் மேல நான் எந்த செக்‌ஷன்ல எஃப்.ஐ.ஆர். போடுவேன்? நீங்களே வக்கீலு, சொல்லுங்க. மொதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஆதாரத்தோட எழுதுங்க. அவங்க கைவிரிச்சா நம்மகிட்ட வாங்க."

"சட்டம் எழுதும்போது இப்படி ஒண்ணு வரும்னு யாரும் நெனைக்கல சார். அதுக்காக நான் வாய மூடிகினு இருக்க முடியுமா? ஹைகோர்ட் வரைக்கும் போவேன்."

அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினாள். இந்தப் பெண்ணிடம் ஏன் வம்பு வைத்துக்கொண்டோம் என்று படிக்கிறவன் நினைக்கும்படி காரசாரமாக எழுதினாள். ஆதாரம் என்ற இடத்தில், தன் தந்தையைத் தான் நைனா என்றும் நீ என்றும்தான் அழைப்பதாகவும், வீட்டில் கேட்ட குரல் அப்பா, நீங்கள் என்று அழைத்ததால் அது தன்னுடையது இல்லை என்றும் விளக்கியிருந்தாள். எந்த நீதிபதியும் தலையாட்டுகிற வாதம். பதில் உடனே வந்தது: 'உங்கள் கருத்துக்கு நன்றி. துணை இனி மேலும் மேம்படும்.'

அதைப் படித்து அவள் சிரித்தாள். இரண்டு நாள் கழித்து அந்தச் சிரிப்புக்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. சமையலறைத் தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கும், குக்கரின் சீறலுக்கும், மலைமேலிருந்து விட்டு விட்டு வரும் கோயில் மணிக்கும் நடுவில், முன்னறையில் நைனா சிரிப்பது கேட்டது. "ஆங்... ஆங்... சொல்லு," என்றார். போனில் கந்தன் போலிருக்கிறது என்று நினைத்துக் கரண்டியைக் கீழே வைக்கப் போனாள்.

"நைனா, கால் நோவுதா? தைலம் தேச்சிவிடட்டா?"

அவள் குரல். நைனாவில் அவள் வைக்கும் அந்தச் சின்ன இழுப்புகூட அப்படியே இருந்தது.

கரண்டி கையிலேயே இருந்தது. பெட்டிக்குத் தெரியாமல் இருந்தது ஒரே ஒரு சொல்; அதையும் ஆதாரம் என்று பேர் சூட்டி, கையெழுத்துப் போட்டு, அவளே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். முதலில் வந்தது பயம்தான். பயத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. அவளுக்கு எப்போதும் கோபம்தான் கை கொடுக்கும்.

நைனாவைக் கைத்தாங்கலாகக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், மழைச் சத்தத்தில் அவர் காதோடு காதாகச் சொன்னாள்.

"இனிமே என் குரல நம்பாத நைனா. வாசல்ல நின்னு நானே கத்தினாலும் தாழ்ப்பாள எடுக்காத. ஜன்னல்ல கைய நீட்டு. நான் சொடக்கு எடுப்பேன். எடுத்தா அதுதான் நானு."

சர்க்கரையால் மரத்துப்போகும் அவர் விரல்களைத் தினமும் அவள்தான் ஒவ்வொன்றாக இழுத்துச் சொடக்கு எடுத்துவிடுவாள். சுண்டு விரலில் தொடங்குவாள். பெட்டிக்கு வாய் இருக்கலாம், காது இருக்கலாம், கை ஏது?

"ஆங், புரிஞ்சுகினேன்," என்றார் வேடியப்பன்.

பெட்டியை உடைத்துப் போட்டிருப்பாள். வக்கீல் புத்தி தடுத்தது. அது சான்றுப் பொருள். நாளைக்கே வழக்குப் போட வேண்டும். துணிப்பையில் போட்டு, கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் தன் ஆபீசுக்கு எடுத்துப்போனாள். வழியெல்லாம் அது பேசவில்லை. இரும்பு பீரோவில் வைத்தபோது நீல விளக்கு அணைந்திருந்தது. பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "கோர்ட்டுல வந்து பேசு," என்றாள் பீரோவைப் பார்த்து.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. தெருவில் கரண்ட் இல்லை. மலைமேல் விளக்குகள் மட்டும் எரிந்தன. ஈர மண் வாசனையோடு யார் வீட்டிலோ அணைத்த மெழுகுவத்திப் புகை வந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சொன்னபடி செய்திருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தது.

தட்டினாள்.

"நைனா, நான்தான். ஜன்னல்ல கைய நீட்டு."

உள்ளே, தணிந்த குரலில், யாரிடமோ நைனா சொன்னார்.

"மிஷினு வந்து நின்னுகினு இருக்கும்மா. அசல் உன்ன மாதிரியே பேசுது."

"பேசட்டும் நைனா. தொறக்காத."

அவள் குரல். உள்ளேயிருந்து.

இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது.

ஜன்னலுக்கு ஓடினாள். செருப்பு சேற்றில் புதைந்து கழன்றது. விட்டுவிட்டாள். செல்போன் விளக்கைக் கம்பிக்குள் நீட்டினாள். அலமாரி. முருகன் படம். கீழே பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத வட்டம். கட்டில். கட்டிலில் நைனா.

பக்கத்தில் யாரும் இல்லை.

ஒரு கையை முன்னால் நீட்டியிருந்தார். உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களைத் தளர்த்தி, தினமும் அவளிடம் நீட்டுவதுபோல.

"விடு!" கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "அவர் கைய விடு! இது என் ஊடு. என் நைனா. என் குரலு. நான் போகமாட்டேன். கேக்குதா? போகமாட்டேன்!"

"நானும் போகமாட்டேன் நைனா," என்றது உள்ளே, அன்பாக.

வேடியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. காற்றைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆங்... நீதாம்மா."

நீட்டிய கையின் சுண்டு விரல் தானாக நிமிர்ந்தது. மெல்ல நீண்டது. இன்னும் நீண்டது.

சொடக்.

அனுசுயா கம்பியை விடவில்லை. விளக்கையும் தாழ்த்தவில்லை.

அடுத்த விரல் நிமிர்ந்தது.