மோதிரத்தில் மண் இல்லை

திரையில் மண் இல்லை.

கேரல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். தங்கத்தின் கோடுகள் இருந்தன, செம்பின் கோடுகள் இருந்தன, வெள்ளி கொஞ்சம். மண்ணின் சிலிக்கான் இருக்க வேண்டிய இடம் மழித்துவிட்டதுபோல வெறிச்சென்று கிடந்தது. அலுமினியம் இல்லை. இரும்பும் இல்லை. நாலு வருஷம் பெங்களூர்ச் செம்மண்ணுக்குள் கிடந்த மோதிரத்தில் இரும்பு இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

மஞ்சள் வெளிச்சத்துக்குரிய இடத்தில் மட்டும், ஒட்டிப் பிறந்த இரண்டு கோடுகள் நெட்டுக்குத்தாக நின்றன. சோடியம். உப்பு.

"உப்பு தெரிஞ்சா கை பட்டிருக்குன்னு அர்த்தம்," என்பார் அவள் கணவர் ஹெர்பர்ட். "எவனோ க்ளவுஸ் போடாம தொட்டிருக்கான். வேர்வை! பிடிச்சிட்டு வா அவனை."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரேசர் டவுனில் காலைப் பூசை முடிந்த கையோடு இரண்டு பஸ் மாறி அத்திபெலேக்கு வந்திருந்தாள். தொழிற்பேட்டையின் கடைசி ஷெட்டில் இருந்தது அந்த உலோகப் பரிசோதனைக் கூடம். வாரநாளில் பக்கத்து லேத் பட்டறைகளின் இரைச்சலில் நினைப்புகூடக் கேட்காது. இன்றைக்குத் தண்ணீர் டேங்க் சொட்டுவது கேட்டது. லேசர் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் வெளியே பகலா இரவா என்று தெரியாது. திரையின் நீல வெளிச்சமும், கதவுக்கு மேல் சிவப்பு விளக்கும், எப்போதும் இருக்கிற எண்ணெய் வாடையும்தான் மிச்சம்.

ஹெர்பர்ட்டும் அவளும் இதே அறையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் பொருளை வைத்து லேசரால் ஒரு தட்டுத் தட்டினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி ஆவியாகி, சூரியனைவிடச் சூடான பிளாஸ்மாப் பொறியாக எரியும். அந்தப் பொறியின் வெளிச்சத்தைப் பிரித்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கோடு கோடாக வந்து நிற்கும். "பொருளைப் பேச வைக்கிற வேலை," என்பார் அவர். யோசிக்கும்போது கட்டைவிரலால் மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். தன்னுடையதை. பூசையில் பிரசங்கம் நீண்டால் அவளுடையதை.

இரண்டாவது கொரோனா அலையில், மே மாதத்தில், கவச உடுப்பு போட்ட நாலு பேர் ஒரு வெள்ளைப் பையைக் கல்லறையில் இறக்கினார்கள்.

"முகத்தை ஒரே ஒரு தடவை..."

"ஆகாது மேடம். தள்ளி நில்லுங்க."

அன்றைக்கு எத்தனை பை, எத்தனை பெயர்ச் சீட்டு! அது ஹெர்பர்ட்தானா? அந்தக் கேள்வியோடு நாலு வருஷம் ஓடிவிட்டது. இன்றுவரை அவள் வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போடுவதில்லை. யாராவது கேட்டால், "எனக்கு எட்டாதுப்பா" என்பாள். வெளியிலிருந்து சாவி போட்டால் கதவு திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை அவருடைய அக்கா பிரிஜெட்டை அடக்கம் செய்ய அதே குடும்பக் கல்லறையைத் தோண்டினார்கள். எல்லாரும் போன பிறகு, குழி வெட்டுகிற முனிகிருஷ்ணன் செய்தித்தாளில் மடித்து இந்த மோதிரத்தைக் கொடுத்தார்.

அது ஹெர்பர்ட்டுடையதுதானா என்று கேட்க அவளுக்கு ஒரு வழி இருந்தது. மிஷின் வந்து இறங்கிய நாளில் ஹெர்பர்ட் லேசரால் முதலில் சுட்டது தன் கல்யாண மோதிரத்தைத்தான். "இந்த ஷெட்ல ஒழுங்கான சரக்கு இது ஒண்ணுதான், கேரல்." விளிம்பில் கடுகைவிடச் சின்னதாய் ஒரு கரும்புள்ளி விழுந்தது. 'கேரல் புருஷன்' என்று பெயர் வைத்து அந்தப் பதிவைச் சேமித்தார். அவள் இப்போது அதைத் திறந்து புதியதன் பக்கத்தில் வைத்தாள். தங்கம், செம்பு, வெள்ளி, தட்டான் பற்றவைத்த இடத்தின் காட்மியம். கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனது. காமிராத் திரையில், பெரிதாகத் தெரிந்த மோதிரத்தின் விளிம்பில், அதே கரும்புள்ளி.

அவர்தான். பைக்குள் இருந்தது அவர்தான். இன்றிலிருந்து மேல் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் மண் எங்கே? வேர்வை யாருடையது?

போனை எடுத்தாள்.

"முனிகிருஷ்ணன், அந்த மோதிரத்தக் கழுவுனீங்களா?"

"இல்லம்மா. எடுத்தேன், பேப்பர்ல மடிச்சேன், குடுத்தேன்."

"கையில போட்டுப் பாத்தீங்களா? கோவமில்ல, சும்மா சொல்லுங்க."

"ஐயோ, என்னம்மா கேக்கறீங்க! குழியில எடுத்தத நாங்க மாட்டிப் பாக்க மாட்டோம். விரலால தொடக்கூட மாட்டோம். குச்சியால தள்ளித்தான் பேப்பர்ல எடுத்தேன்."

"அதுல மண்ணே இல்லையே."

முனிகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் பாத்தேன்மா. சாவு வீடு, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். பை கிழியல. ஜிப்பு மூடியே இருந்துச்சி. மோதிரம் உள்ள இல்லம்மா. பைக்கு மேல இருந்துச்சி. இப்பத்தான் கழட்டி வெச்ச மாதிரி." இருமினார். "அத வீட்டுல வெச்சிக்காதீங்க. ஃபாதர் கையில குடுத்துடுங்க."

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

முனிகிருஷ்ணன் பொய் சொல்கிறார். அதுதான் விஷயம். இல்லையா பின்னே? பெட்டியைத் திறந்து, புதுக் கையுறை போட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் மோதிரத்தை மூன்று முறை துடைத்து, தட்டில் படுக்க வைத்துப் பூட்டினாள். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். டக். வெள்ளைப் பொறி.

உப்பு. முன்பைவிட உயரமாக.

திறந்தாள், துடைத்தாள், பூட்டினாள். டக். இன்னும் உயரம். காமிராத் திரையில் மோதிரத்தின் உள்பக்கம் லேசாகப் பனித்திருந்தது, வெயிலில் நடந்து வந்த ஆளின் விரலில் இருந்து கழற்றியதுபோல.

"சந்தேகம் வந்தா வெறுமையைச் சுடு." ஹெர்பர்ட்டின் பாடம். பொருளே இல்லாத இடத்தில் சுட வேண்டும். அங்கேயும் உப்பு வந்தால் குற்றம் பெட்டியின்மேல். துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மோதிரத்தின் நடுவில், வெறும் காற்றில் குறி வைத்தாள். அந்த உயரத்தில் தடுக்க ஒன்றும் கிடையாது. தட்டு மோதிரத்தின் அகலத்துக்குக் கீழே இருந்தது, அங்கே லேசர் குவியாது. பொறி எழாது. எழக் கூடாது.

டக்.

பொறி எழுந்தது.

மோதிரத்தின் நடுவில். அந்தரத்தில்.

கோடுகள் வந்தன. உப்பு. பொட்டாசியம். கரி. தோல்.

பொத்தானை மறுபடி அழுத்தினாள். டக். அதே இடம். இன்னும் ஆழம். டக். சுண்ணாம்பு. பாஸ்பரஸ். அவளுக்குப் படிக்கத் தெரிந்த கோடுகள்தான்.

எலும்பு.

பூட்டிய பெட்டியிலிருந்து ஒரு வாடை வந்தது. அடுப்பில் விரல் சுட்டுக்கொண்டால் வருகிற வாடை.

அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"ஸ்ஸ்..."

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. எதிரே கதவுக்கு மேல், திறந்தால் அணைந்துவிடும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் கதவு சாத்தியே இருக்கிறது. யாரும் உள்ளே வரவில்லை.

கண் காமிராத் திரையிலேயே இருந்தது.

மோதிரம் அசைந்தது.

மெதுவாக. இருந்த இடத்திலேயே. கரும்புள்ளி வலது பக்கம் போனது, கீழே போனது, இடது பக்கமாக மேலே வந்தது. மறுபடியும் போனது. யோசித்துக்கொண்டே ஒருவர் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி விடுவதுபோல.

"ஹெர்பர்ட்?"

மோதிரம் நின்றது.

டேங்க் சொட்டுவதும் நின்றது.

வெளியே போய்விடலாம். எழுந்தால் போதும். இடது கையை மேஜையில் ஊன்றினாள்.

அவர் போன பிறகு கழற்ற முடியாமல், சோப்புப் போட்டாலும் அசையாமல் சதைக்குள் பதிந்துபோன அவளுடைய கல்யாண மோதிரம், கையுறைக்குள், மெல்லச் சுழலத் தொடங்கியது.