மூன்றாவது கொடி

பழைய ரயில் பெட்டியின் அடியில் அன்று வேலை செய்தவர்கள் இரண்டு பேர்தான். பெட்டியின் முனையில் தொங்கியவை மூன்று சிவப்புக் கொடிகள்.

வத்சலா மறுபடியும் பார்த்தாள். ஜனவரிப் பனி மாலைக்கு முன்பே இறங்கி, ரயில் அருங்காட்சியகத்தின் இன்ஜின்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது; துருவும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை அவள் ஸ்வெட்டரில் ஏறியிருந்தது; எங்கோ ஒரு குழாய் ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

கணவர் போன பிறகு, டெல்லி கிட்வாய் நகர் வீட்டின் அமைதி தாங்காமல், சனிக்கிழமைதோறும் இங்கே துருச் சுரண்ட வருகிறாள். முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி இது: பெட்டிக்கு அடியில் போகிறவர் தன் கொடியை மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் தானே கழற்ற வேண்டும். கொடி தொங்கும்வரை பெட்டி நகராது. அடுத்தவர் கொடியைத் தொடவும் கூடாது.

அவளும் ஜெயசீலனும் தங்கள் கொடிகளைக் கழற்றினார்கள். வெளிறி நைந்த மூன்றாவது கொடி அப்படியே தொங்கியது.

“போன வாரம் எவனாவது மறந்திருப்பான். கழட்டிப் போடுங்க மாமி,” என்றார் ஜெயசீலன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். “பெட்டியை ஷெட்டுக்குள்ள தள்ளணும். இன்ஜின் டிரைவர் பையா இப்பவே முறைக்கிறான்.”

“கீழ யாராவது இருந்தா?”

“இருந்தா டீக்கு வந்திருக்க மாட்டானா? இந்தக் குளிர்ல டீயை விடுறவன் மனுஷனே இல்ல.”

சிரித்துக்கொண்டே அவர் இன்ஜினை அழைத்துவரப் பனிக்குள் போனார்.

அப்புறம்தான் கேட்டது. பெட்டிக்கு அடியில், அழுகையை அடக்கிக்கொள்ளும் மூச்சு.

வத்சலா குனிந்து, யாரென்று கேட்டாள். “கௌன் ஹை, பேட்டா?”

“மாஜி,” என்றது ஒரு குரல், இந்தியில். “யாராவது கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். யாருமே கூப்பிடல.”

அவள் ஓர் அடி பின்வாங்கினாள். ஆனாலும் மனம் கேட்கவில்லை. வா என்று ஒரு சொல். அதற்காகவா ஒரு மனிதன் இந்த இருட்டில் கிடப்பது?

“ராமா,” என்று முணுமுணுத்து, தண்டவாளத்தின் குறுக்கே படுத்து, கையை நீட்டியபடி உள்ளே ஊர்ந்தாள். தன் கொடியைத் திரும்ப மாட்டும் நினைவே வரவில்லை.

இருட்டில் ஒரு கை அவள் கையைப் பற்றியது. கிரீஸ் பிசுபிசுப்பு. எலும்புவரை ஏறும் குளிர்.

“வா கண்ணா. வீட்டுக்குப் போகலாம்.”

மறுபக்கத்தில் ஏதோ அசைந்தது. இரண்டு வெறுங்கால்கள் வெளியே இறங்கின. கொடி தொங்கிய முனைவரை நடந்தன. நின்றன. துணி உரசும் சத்தம். கால்கள் பனிக்குள் போயின.

கை மட்டும் அவள் கையிலேயே இருந்தது.

இழுத்தாள். விடவில்லை. கத்தப் பார்த்தாள். குரல் எழவில்லை.

டங். இன்ஜின் பெட்டியில் வந்து முட்டியது.

“மாமி?” ஜெயசீலனின் குரல். “மாமி!”

அவர் காலடிகள் பெட்டியின் முனைக்கு வந்தன.

“கொடி ஒண்ணும் இல்ல. கிளம்பிட்டாங்க போல. பாவம், இந்தக் குளிர்ல எவ்வளவு நேரம்தான் நிப்பாங்க. சலோ பையா, தள்ளு.”

அந்தக் கை அவள் விரல்களை மெல்ல வருடியது, அழும் குழந்தையைத் தேற்றுவதுபோல.

அவள் முகத்தருகே சக்கரம் சுழலத் தொடங்கியது.