தொண்ணூறு நாள் உரிமம்

சுவரில் பொருத்தியிருந்த பிணைப்புமானியில் பத்து நாளாகச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆய்வாளர் அருள்ராஜ் அதன் பதிவுகளைத் தன் கைப்பலகையில் இறக்கிப் படித்தார்.

"சாயங்காலம் அஞ்சரைக்கு யாழுக்கு ரசம் சாதம் ஊட்டியிருக்கீங்க. தினமும்."

"அவங்க அம்மா ஏழு மணிக்குக் களைச்சுப்போய் வருவாங்க. ஒரு வேலை குறையட்டுமேன்னுதான்," என்றாள் மங்கையர்க்கரசி. "சோறு ஊட்டினது குத்தமா தம்பி?"

"அந்தம்மாவுக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கிறது அந்த ஒரு வேளைதான், மேடம். அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

குழந்தையின் இதயத்துடிப்பு, குரல், முகம் திரும்பும் திசை ஆகியவற்றிலிருந்து, அது யாரை எவ்வளவு தேடுகிறது என்று அந்தப் பிணைப்புமானி கணக்கிடும். வீட்டுக் காப்பகம் நடத்துபவரின் எண் தாயின் எண்ணைத் தாண்டக் கூடாது. வேலைக்குப் போகும் பெண்கள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் போராடிப் பெற்ற சட்டம் அது. உரிமத்துக்கு முந்தைய சோதனை மாதத்தின் இருபதாம் நாள் மங்கையின் எண் தாண்டியது. அன்று மாலையே இரண்டு வயது யாழை வேறு காப்பகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"யாழ் எப்படி இருக்கா?"

"முதல் அஞ்சு நாள் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தா. இப்போ பார்க்கிறதில்லை."

அவர் கைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார். "உரிமம் தர்றதுல தடையில்லை. ஊட்டுறதை மட்டும் விட்டுடுங்க. ஒரு குழந்தை அதிகபட்சம் தொண்ணூறு நாள். ஒண்ணு போனா இன்னொண்ணு வரும். வீடு காலியா இருக்காது."

மங்கைக்கு ஐம்பத்து நான்கு வயது. அம்பத்தூரில் ஒன்பதாவது மாடி. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, குளிர்பெட்டி பேசும் குரலைத் தவிர அங்கே வேறு குரல் கேட்டது அந்த இருபது நாள்தான். அவள் விரல், கையெழுத்துக் கட்டத்துக்கு அருகே போய் நின்றது.

"நீங்களும் இப்படி வளர்ந்தவர்தானா?"

"ஆமா. பதினாலு வீடு."

"யார் முகமாவது ஞாபகம் இருக்கா?"

"இல்லை மேடம். அதுக்குத்தானே விதியே." பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை, முகவரி சொல்வதுபோலச் சொன்னார்.

"அம்மா கூடத்தான் இருக்கீங்களா?"

"அம்மா ஓசூர்ல." அவர் யோசித்தார். "கடைசியாப் போனது... போன வருஷம். இல்லை, அதுக்கு முந்தின வருஷம்."

"மனசு தேடாதா?"

"எதை?"

அவரே தொடர்ந்தார். "போன மாசம் ஓசூர் விண்ணப்பப் பட்டியல்ல அம்மா பேரைப் பார்த்தேன். இதே உரிமத்துக்குத்தான். காரணம்னு போட்ட இடத்துல, 'வீட்டில் சத்தமே இல்லை'ன்னு எழுதியிருந்தாங்க."

"நீங்க போன் பண்ணிக் கேட்டீங்களா?"

"அது என் மண்டலம் இல்லை, மேடம்."

அவள் கைப்பலகையைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"கையெழுத்து?"

"வேண்டாம் தம்பி."

"இனிமே குழந்தை எதுவும் வராது. நல்லா யோசிச்சீங்களா?"

"வராதுன்னு தெரியும்."

அவர் பிணைப்புமானியைக் கழற்றிப் பையில் வைத்தார். சுவரில் நான்கு ஆணித்துளைகள் தெரிந்தன. மங்கை வாசல்வரை வந்து, "ஓசூருக்கு ஒருதடவை போயிட்டு வாங்க," என்றாள்.

"எதுக்கு மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டார். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு மின்தூக்கிக்குள் போனார்.