எட்டு வாசல் நடை

அந்த வீட்டில் ஆறு வாரமாக யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அப்பா சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். ஒரு நாள் வேலையில் இருந்தபோது ஏணியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மாரடைப்பு. மருத்துவமனையில் அடைப்பை நீக்கி, எப்படியோ உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து வீட்டில் அம்மாவின் சட்டம்தான். அப்பா அசையக் கூடாது. யாரும் சத்தம் போடக் கூடாது. குக்கர் விசில் அடிப்பதற்குள் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவாள். அதனால் தினமும் சோறு அரைவேக்காடுதான்.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தது மகள். பத்து வயது. ஓயாமல் பேசுவதால் அக்கம்பக்கத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். இப்போது ரேடியோ வாயைத் திறந்தாலே அம்மா உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிடுவாள்.

அப்பாவும் பேசுவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தே இருப்பார். குளிக்கப் போனால்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவார். அப்பா செத்துப்போய்விடுவாரோ என்று ரேடியோவுக்கு பயம். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு சனிக்கிழமை போன் அடித்தது. அம்மா சலவைக்கடை வேலைக்குப் போயிருந்தாள். அப்பா எடுக்கவில்லை. ரேடியோ எடுத்தாள்.

“ஆஸ்பத்திரியில இதய நோயாளிங்களுக்கான உடற்பயிற்சி அறையில இருந்து பேசறேன்மா” என்றது ஓர் அக்காவின் குரல். “அப்பா ஒரே ஒரு தடவை வந்தார். அப்புறம் ஆளையே காணோம். இந்த வாரமும் வரலைன்னா அவர் இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க.”

“அப்பா அசையவே கூடாதே அக்கா?”

“யார் சொன்னா?”

“அம்மா.”

“பாசத்துல சொல்லியிருப்பாங்க. ஆனா இப்படியே உட்கார்ந்திருந்தா இதயம் இன்னும் பலம் இல்லாம போயிடும். கொஞ்சம் கொஞ்சமா நடந்தாத்தான் மறுபடி மாரடைப்பு வர்ற ஆபத்து குறையும்.”

ரேடியோ திரும்பிப் பார்த்தாள். அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இது அவருக்கு முன்பே தெரியும் என்று அவளுக்குப் புரிந்தது.

“அக்கா, உள்ளதைச் சொல்லிடறேன். அங்க வர ரெண்டு பஸ் மாறணும். கூட்டிட்டு வர ஆள் இல்ல. அம்மா அடிக்கடி லீவு போட்டா வேலை போயிடும். தனியா வர அப்பாவுக்கு பயம். எங்களை மாதிரி வர முடியாதவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?”

“நிறைய பேர் பாதியிலயே விட்டுடுவாங்க” என்றாள் அக்கா.

ரேடியோ விடவில்லை. “எங்க வீட்டு முன்னால நீளமா வராண்டா இருக்கு. எட்டு வீட்டு வாசல் தாண்டணும். அங்க நடந்தா ஆகாதா?”

“டாக்டரைத்தான் கேக்கணும். திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் எப்படியாவது வந்துடுங்க.”

ரேடியோ விஷயத்தைச் சொன்னதும், அம்மா கடையில் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு வாங்கினாள். மூவரும் போனார்கள். டாக்டர் அப்பாவை நடக்க வைத்துப் பார்த்தார். வீட்டிலேயே நடக்கலாம், வாரா வாரம் போனில் விசாரித்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்.

“தினமும் பத்து நிமிஷம் நடக்கணும். நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்தினாலோ உடனே நிறுத்திடணும், அம்மாவைக் கூப்பிடணும்” என்றாள் அக்கா. “அப்புறம், நடக்கும்போது பேசிக்கிட்டே நடக்கணும். பேச முடியாம மூச்சு வாங்கினா, வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்.”

“பேசறதுக்கு நானாச்சு” என்றாள் ரேடியோ.

“நீ இல்லம்மா. அப்பா பேசணும்.”

வராண்டாவில் நடந்த முதல் மூன்று நாளும் அப்பா “ம்” மட்டும்தான் சொன்னார். அம்மா வாசலில் நின்று, காய்ந்த கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோ பள்ளிக்கூடத்துக் கதை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டாள். “ம்” என்பது பேச்சில் சேருமா? சேராது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

நான்காம் நாள் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அப்பா, உங்களுக்கு பயமா இருக்கா?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஒரு வாசல் போனது. இரண்டாவது வாசலும் போனது. நாக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் நடந்தாள்.

ஐந்தாவது வாசலில் அப்பா சொன்னார். “இருக்குடா. தூங்கவே பயமா இருக்கு. எழுந்திருக்க மாட்டேனோன்னு. உங்கம்மாகிட்ட சொன்னா அவ இன்னும் பயந்துடுவா. அன்னிக்கு ஏணியில வலி வந்தப்போ, உன் முகத்தைத்தான் நினைச்சுக்கிட்டேன். மறுபடி ஏணி ஏற முடியுமான்னு தெரியல. முடியலைன்னா நம்ம பிழைப்பு எப்படின்னும் தெரியல.”

ரேடியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எனக்கும் பயம்தான்ப்பா. தினமும் ஸ்கூல்ல இருந்து ஓடி வந்து முதல்ல உங்களைத்தான் பார்ப்பேன்.”

அப்பா நின்றார். நெஞ்சில் கை வைத்தார்.

“வலிக்குதாப்பா?”

“இல்ல” என்றார். அவராலேயே நம்ப முடியவில்லை. “இவ்வளவு பேசிட்டேன். மூச்சு வாங்கவே இல்ல பாரு.”

மெதுவாகத் திரும்பி நடந்தார்கள். வீட்டு வாசல் வந்தது. அம்மா கதவைத் திறந்து பிடித்தாள். அக்கா சொன்ன பத்து நிமிடத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அப்பா உள்ளே போகவில்லை. அவருக்கு இன்னும் சொல்ல வேண்டியது இருந்தது.

“நீயும் வா” என்று அம்மாவைக் கூப்பிட்டார்.