தொப்பி முளைத்த ஜாடி

சிட்டுவின் அம்மா ஒரு விஞ்ஞானி. நீர்த்தெள்ளு என்ற எள்ளளவு உயிர்களை ஆராய்ந்து வந்தார்.

தண்ணீரில் மீன் வாசனை வந்தால் போதும், நீர்த்தெள்ளுக் குஞ்சுகளின் தலையில் கூரான தொப்பி வளர்ந்துவிடும். மீன் விழுங்கப் பார்த்தால் வாயில் குத்தும். வாசனை இல்லாவிட்டால் மொட்டைத் தலைதான்.

இத்தனைக்கும் அவை எல்லாம் ஒரே தாயின் வம்சம். ஆண் துணையில்லாமல் தாய் தன் நகல்களாகவே ஈன்றவை என்பதால் மரபணுவில் துளி வித்தியாசம் கிடையாது. தொப்பி வளர்க்கும் குறிப்பு எல்லாவற்றிடமும் இருந்தது. மீன் வாசனை பட்டால்தான் அதற்கு சுவிட்ச் போட்டதுபோல் ஆகும். அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதைத்தான் அம்மா தேடிக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்தில் குளிர்சாதனம் பழுதானதால், மொட்டைத் தலை ஜாடிகளை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தார். யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

சிட்டு வந்து பார்த்தபோது மேசையெல்லாம் ஈரம். நடுவில் ஒரு குவளை. திரைச்சீலைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன.

அவள் தம்பி பொடியனின் பாதங்கள் அவை.

சிட்டு கத்தவில்லை. திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல விசாரித்தாள். தன்னுடைய தங்கமீன் கொழுகொழுவென்று இருக்கிறதாம், பாவம், பூச்சிகள் மட்டும் ஒல்லியாக இருக்கின்றனவாம். அதனால் மீன்தொட்டியிலிருந்து ஒரு குவளை நல்ல தண்ணீர் கொடுத்தானாம். எந்த ஜாடியில் ஊற்றினாய் என்று கேட்டதற்கு ஒன்றைக் காட்டினான். பிறகு இன்னொன்றைக் காட்டினான். பிறகு அழுதான்.

சிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

அம்மா திட்டவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எந்த ஜாடியில் மீன் வாசனை கலந்தது என்று தெரியாவிட்டால் எதையும் நம்ப முடியாது. பல மாத உழைப்பு. பிறகு எழுந்து, முதல் ஜாடியைக் கொட்டிவிடத் தூக்கிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போனார்.

சிட்டு ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"ஊத்தாதேம்மா. எந்த ஜாடின்னு பொடியனுக்குத்தான் தெரியல. பூச்சிக்குத் தெரியுமே."

"அது எப்படிச் சொல்லும்?"

"வாசனை பட்டிருந்தா புதுக் குஞ்சுக்குத் தொப்பி வரும். படலைன்னா வராது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்."

அம்மா ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டே மகளைப் பார்த்தார். பிறகு அதைத் திரும்ப மேசையில் வைத்தார்.

ஒவ்வொரு ஜாடிக்கும் தனிக் கரண்டி, தனி மூடி. பள்ளிக்குக் கிளம்பும் முன் சிட்டு பூதக்கண்ணாடியோடு குஞ்சுகளைப் பார்ப்பாள். பொடியனும் எட்டிப் பார்ப்பான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஒரு காலையில், ஓரத்து ஜாடியில் குஞ்சுகளின் தலைகளில் கூரான தொப்பி முளைத்திருந்தது. மற்ற எல்லாவற்றிலும் மொட்டை. அம்மா ஆய்வகத்து நுண்ணோக்கியில் ஒன்றுவிடாமல் பார்த்தார். ஒரே ஒரு ஜாடிதான் கெட்டிருந்தது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்று சிரித்தார். பூச்சிக்குத் தலைப்பாகையும் உண்டா என்று பொடியன் சந்தேகம் கேட்டான்.

அடுத்த வாரம் ஆய்வகக் கூட்டத்துக்கு அம்மா சிட்டுவையும் அழைத்துப் போனார். நடந்த தவறை மறைக்காமல் எல்லோரிடமும் சொன்னார். கெட்ட ஜாடியைக் கண்டுபிடிக்க வழி சொன்னது தன் மகள்தான் என்றார். தலைமை விஞ்ஞானி, அதை நீயே விளக்கு என்று சிட்டுவை முன்னால் கூப்பிட்டார்.

முதலில் சிட்டுவுக்குப் பயமாக இருந்தது. பூச்சிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பயம் போய்விட்டது.

கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார். "எல்லா ஜாடியிலயும் தொப்பி வந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?"

சிட்டு யோசித்தாள். "அப்ப தூக்கி ஊத்தியிருப்போம் சார். ஆனா பார்த்துட்டு ஊத்தியிருப்போம்."

அறையே சிரித்தது. தலைமை விஞ்ஞானி கைதட்டினார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அம்மா மட்டும் கைதட்ட மறந்து, மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.