பேர் சொல்லிக் கூப்பிடு

இந்தக் காலத்தில் எவனும் தப்பை ஒத்துக்கொள்வதில்லை. 'டென்ஷன்' என்கிறான், அதோடு கதை முடிந்தது. அந்தச் சொல்லைக் கேட்டாலே வீரய்யாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நமுனுகுல மலையடியில் கைவிடப்பட்டுக் கிடந்த தேயிலை ஃபெக்டரி வாசலில், அவருடைய அக்கா மகன் மாரிசாமி நின்றான். அவனுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே வீரய்யாதான். அவன் கையால்தான் அவருடைய கூட்டாளி யேசுரத்தினம் செத்தார்.

கொழுந்து காயவைக்கும் ட்ரையருக்குள் புகுந்து யேசுரத்தினம் துப்புரவு செய்துகொண்டிருந்தார். உள்ளே இருப்பவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் கேட்டபிறகே சுவிட்சில் கைவைக்க வேண்டும். மாரிசாமி கூப்பிடவில்லை.

"தோட்டத்துத் தொர ஏசிட்டாரு மாமா. அந்த நேரம் மூள மரத்துப் போச்சு. உள்ள ஆள் இருந்ததே நெனப்பில்ல. திடீர்ப் பதட்டத்துல தெரிஞ்ச விசயமும் மறந்துருமாம், டாக்டரே சொன்னாரு."

"ஏச்சு வாங்குன அன்னிக்குச் சோறு திங்க மறந்தியா?"

"நீங்க மன்னிச்சாத்தான் செத்தவரு வீட்டு ஆளுங்க என் மொகத்தப் பாப்பாங்க, மாமா."

"நீ நின்ன எடத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."

மாரிசாமி வாசலைத் தாண்டவில்லை. வீரய்யா தனியாக உள்ளே போனார்.

பட்டப்பகலிலும் இருட்டு. உடைந்த கண்ணாடி வழியே பனி இறங்கியது. கரண்ட் வெட்டி மாதக்கணக்காகிவிட்டது. ஆனாலும் தேயிலை கருகும் வாசம் மூக்கில் ஏறியது.

கிணுங்.

ட்ரையருக்குள் சங்கிலி அசைந்தது.

"வெளிய யாரு?"

அடைத்த குரல். தெரிந்த குரல்.

"பேர் சொல்லிக் கூப்புடு. வெளிய வந்துர்றேன்."

வீரய்யா வாயைத் திறந்தார்.

பேர் வரவில்லை.

முகம் தெரிந்தது. சிரித்தால் தெரியும் ஓட்டைப்பல் தெரிந்தது. ஒரே தட்டில் தின்றது நினைவிருந்தது. பேர் மட்டும் எங்கேயும் இல்லை.

"நீயும் மறந்துட்டியா?"

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. வெளிச்சத்தில் கால் பட்டதும் பேர் தானாக வாயில் வந்து விழுந்தது. யேசுரத்தினம்.

"என்ன மாமா, இப்படி வேர்க்குது? என்னத்தக் கண்டீங்க?"

"ஒண்ணுமில்ல. எனக்கு வயசாச்சு, மறக்கும். ஒனக்கென்னடா கேடு? மன்னிக்க மாட்டேன், போ."

பசறை பஸ்ஸைப் பிடிக்க விறுவிறுவென்று நடந்தார். பின்னால் ஓடிவந்த மாரிசாமி அவர் முதுகைத் தொட்டான். சட்டென்று கையை உதறினான்.

"மாமா, நில்லுங்க. சட்டையில தேயிலத் தூளு. அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கு." அவன் குரல் தேய்ந்தது. "சுடுது மாமா."

வீரய்யா திரும்பவில்லை.

"இதுலயும் பொய்யாடா?" என்றபடி பனிக்குள் இறங்கி நடந்தார்.